பேற்றறையில் தாய் சொல்லும் சொல்

(தமிழ் மன்றமொன்றின் திங்கட் கூட்டத்தில் மகப்பேற்று மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மருத்துவத் தமிழ் பற்றிப் பேசுமாறு நண்பர்கள் கேட்டனர். அஃது ஆழ்கடல். கலைச்சொல்லாக்கம் குறித்துப் பேசத் தக்க அறிஞர் இவ்வவையிலேயே உளர். யான் சொல்லாய்வாளர் அல்லேன். யான் அறிந்தது ஓர் அறை. முப்பது ஆண்டுகளாக என் இரவுகளிற் பாதி அவ்வறையிற் கழிந்திருக்கின்றது. மகப்பேற்று மருத்துவராகப் பயில வரும் இளையர் முதலாண்டில் அவ்வறைக்குள் எதைக் கற்கிறார், எம்மொழியிற் கற்கிறார், எதைக் கல்லாது விடுகிறார் என்பதை மட்டும் இன்று சொல்ல விழைகிறேன்.

மருத்துவப் பட்டப் படிப்பு நாலரை ஆண்டு. அதன்மேல் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. பின்னர் நுழைவுத் தேர்வெழுதி, மகப்பேறும் மகளிர் மருத்துவமும் என்னும் துறையைப் பெற்றவர் மேலும் மூன்றாண்டு பயில வேண்டும். அம்மூன்றாண்டில் அறுவையரங்கம், ஆய்வேடு, மாவட்ட மருத்துவமனையில் மூன்று திங்கட் பணி, இறுதித் தேர்வு எல்லாம் உண்டு. ஆனால் முதலாண்டென்பது பெரும்பகுதியும் பேற்றறைதான். புறநோயாளர் பகுதியில் கருவுற்ற பெண்டிரை நூற்றுக்கணக்கிற் பார்ப்பதும், அறுவையில் மூத்தவர்க்குக் கைகொடுத்து நிற்பதும் அதனோடு சேரும். உறக்கம் சேராது.

அங்கே முதலிற் கற்பது விரல்கள்தாம். வயிற்றின்மேற் கைவைத்துக் குழந்தையின் தலை எங்கே, முதுகு எப்பக்கம் என்று தடவியறிய வேண்டும். பத்து மணித்துளிக்குள் கருப்பை எத்தனை முறை இறுகுகிறது, ஒவ்வொரு முறையும் எத்தனை நொடி இறுகி நிற்கிறது என்று கையாலேயே எண்ண வேண்டும். கருப்பை வாய் இரண்டு விரல் திறந்திருக்கிறதா, நான்கு விரலா என்பதை, கண்ணாற் காணாது விரலாற் கண்டு, அதனைச் செண்டிமீட்டராக மாற்றி வரைபடத்திற் குறிக்க வேண்டும். 10 செ.மீ. ஆனால் முழுத் திறப்பு. இவ்வரைபடத்திற்கும் ஒரு வரலாறுண்டு. அன்று ரொடீசியா என்றும் இன்று சிம்பாப்வே என்றும் வழங்கும் நாட்டில், பெரிய மருத்துவமனைக்குத் தொலைவில் இருந்த சிற்றூர்த் தாதியர், பேறு தடைப்படும் பெண்ணை எப்போது மேலிடத்திற்கு அனுப்புவது என்று அறியும் பொருட்டு, பில்பாட்டு, காசில் என்னும் மருத்துவர் இருவர் 1972இல் அதில் எச்சரிக்கைக் கோட்டையும் செயற்கோட்டையும் வரைந்து வெளியிட்டனர். உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட புதிய படிவத்தில், துணைக்கு ஆள் இருக்கிறதா, குடிக்க நீர் கொடுத்தீர்களா, வலி தணிக்க என்ன செய்தீர்கள் என்னும் கட்டங்களும் இடம்பெற்றுள்ளன. காலம் தாழ்ந்து வந்தாலும் நல்ல கட்டங்கள்.

அடுத்து, கண்ணை நம்பாதே என்று கற்பிக்கிறோம். குழந்தை பிறந்தபின் போகும் குருதியைக் கண்ணால் மதிப்பிட்டால் உள்ளதிற் குறைவாகவே தோன்றும்; தேர்ந்தவர்க்கும் அப்படித்தான். ஆதலின் அளவுக் கோடுகள் போட்ட பையைத் தாயின் கீழ் விரித்து அளக்கச் சொல்கிறோம். கென்யா, நைசீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் நடந்து 2023இல் வெளிவந்த பேராய்வில், இவ்வாறு அளந்து, மருத்துவம் முழுவதையும் ஒரே மூச்சிற் செய்த மருத்துவமனைகளில் கடுங்குருதிப்போக்கும் அதன் கொடிய விளைவுகளும் 60 விழுக்காடு குறைந்தன. விரலுக்குப் பயிற்சி தருகிறோம்; கண்ணுக்கும் தருகிறோம். காதுக்குத் தருவதில்லை. இதுவே என் முறையீடு.

யான் முதலாண்டு பயின்றபோது நிகழ்ந்ததொன்றைச் சொல்கிறேன். ஊரும் மருத்துவமனையும் வேண்டா. தலைச்சூற் பெண், அகவை இருபதிருக்கும். இரவு பதினொரு மணிக்கு வலியோடு வந்தாள். குருதியழுத்தம் 140க்கு 90. வலியால் ஏறியிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். காலில் வீக்கம் இருந்தது; நிறைசூலியர் பலர்க்கு இருப்பதுதானே என்று விட்டேன். ஒரு மணியளவில் என்னைக் கூப்பிட்டு, "அம்மா, கண்ணுல பூச்சி பறக்குது" என்றாள். கண்ணை மூடிப் படு என்றேன். சற்றுக் கழித்து, "நெஞ்சுக்குழி கரிக்குதும்மா" என்றாள். உண்டது செரிக்கவில்லை போலும் என்று அதற்கொரு மருந்து கொடுக்கச் சொன்னேன். பதிவேட்டில், தலைச்சுற்றலுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்லோ அதனையும், செரியாமைக்கு என்ன சொல்லோ அதனையும் எழுதிக் கையொப்பமிட்டேன்.

அங்கே அகவை முதிர்ந்த செவிலியர் ஒருவர் இருந்தார். என்னிடம் ஒன்றும் கேளாமல் கட்டிலின் இருபக்கத் தடுப்புக் கம்பிகளையும் உயர்த்தினார்; வலிப்பிற்குரிய மருந்துத் தட்டைக் கொணர்ந்து வைத்தார். எதற்கு என்றேன். "பூச்சி பறக்குதுன்னு சொன்னாளே, உங்க காதுல விழலையாம்மா? பெரியம்மாவுக்குச் சொல்லி அனுப்புங்க" என்றார். பெரியம்மா என்றது எங்கள் பேராசிரியரை. அவர் வருமுன் வலிப்பு வந்துவிட்டது. மெக்னீசியம் சல்பேட்டு மருந்தை ஊசிவழி ஏற்றினோம், வலிப்பு நின்றது. தாய் பிழைத்தாள். குழந்தையின் நெஞ்சுத் துடிப்பு அதற்குள் அடங்கிவிட்டது.

கருவுற்ற பெண்ணிற்குக் குருதியழுத்தம் ஏறி வலிப்பு வருமுன் தோன்றும் அறிகுறிகள் மூன்றென்று எந்தப் பாடநூலும் சொல்லும்: கடுந்தலைவலி, கண்முன் ஒளிப்பொறி பறத்தல், நெஞ்சுக்குழி வலி. இவற்றை யான் அறியாதவள் அல்லேன். ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி, நிறைமதிப்பெண்ணும் பெற்றவள். வலிப்பு வருமுன்னரே அம்மருந்தைக் கொடுத்தால் வலிப்பு நேர்வது பாதிக்கு மேல் குறையும் என்பதை 33 நாடுகளில் பத்தாயிரத்திற்கு மேற்பட்ட பெண்டிரிடம் நடந்த ஆய்வு 2002இல் ஐயமற நிறுவியது. ஆனால் மருந்தைக் கொடுப்பதற்கு, அறிகுறி அறிகுறியாகக் காதில் விழவேண்டுமே! எனக்குத் தமிழ் தெரியும், தாய்மொழியே அதுதான். மருத்துவமும் தெரிந்திருந்தது. இரண்டும் என் தலைக்குள் இரண்டு தனியறைகளில் இருந்தன; இடையிலே கதவில்லை. 'கண்ணுல பூச்சி பறக்குது' என்பதும் நூலிற் படித்த ஆங்கிலத் தொடரும் ஒன்றே என்று ஐந்தரை ஆண்டில் ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை, யானும் நினைத்ததில்லை. ஏட்டறிவில்லா அப்பெண், கலப்பில்லாத தமிழில், நூலில் உள்ளவாறே நோயைச் சொன்னாள். கேட்டவள்தான் கற்றிருந்தும் கல்லாதவளாய் நின்றேன்.

மறுநாட் காலையில் பேராசிரியர் அம்மையார் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வினவினார். "அவள் என்ன சொன்னாள்?" சொன்னேன். "நீ என்ன எழுதினாய்?" அதனையும் சொன்னேன். அவர் சினக்கவில்லை; சினந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "இனி அவள் சொன்னதை அவள் சொன்னபடி தமிழெழுத்தில் எழுது. அதன் கீழே உனக்குத் தோன்றுவதை எம்மொழியில் வேண்டுமானாலும் எழுது" என்றார். இது புதுமையன்று. நோயாளியின் முறையீட்டை அவர்தம் சொற்களிலேயே எழுதுக என்பது மருத்துவ மாணவர்க்கு நோய்வரலாறு கேட்கக் கற்பிக்கும்போது சொல்லும் முதல் விதி. அவ்விதியையும் ஆங்கிலத்திற் படித்து, ஆங்கிலத்திலேயே மீறுகிறோம்.

பேற்றறையில் தமிழே வழங்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். வழங்குகிறது, ஏசுவதற்கு! நோயைப் பற்றி மூத்தவரும் இளையவரும் கட்டிலுக்கு இருபுறமும் நின்று ஆங்கிலத்திற் பேசிக்கொள்வர். நடுவிற் கிடப்பவளுக்கு ஒன்றும் விளங்காது. அவள் வலி பொறாது அலறினால், அப்போதுதான் அவளைப் பார்த்துத் தமிழில் ஒரு சொல் பிறக்கும். அச்சொல்லை இவ்வவையில் எடுத்துரைக்க என் நா கூசுகிறது. இங்குள்ள தாய்மார் சிலர் அதனைக் கேட்டிருப்பீர்கள். முகம் கண்டு அறிகிறேன். முதலாண்டு மாணவி முதற் கிழமையிலேயே இதனை மூத்தவரிடமிருந்து கற்றுக்கொள்கிறாள். யானும் கற்றேன், சொல்லவும் செய்தேன். எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத பாடம் இது. ஆனால் ஆண்டுதோறும் தவறாது நடத்தப்பெறுகிறது.

பெண்டிர் சொல்லைக் கேளாமைக்கு இத்துறை கொடுத்த விலை பெரிது. வியன்னா நகரத்துப் பொது மருத்துவமனையில் 19ஆம் நூற்றாண்டில் பேற்றுப் பகுதிகள் இரண்டிருந்தன. 1840 முதல், ஒன்றில் மருத்துவ மாணவரும் மற்றொன்றில் மருத்துவச்சிப் பயிற்சி பெறுவோரும் பயின்றனர். 1846ஆம் ஆண்டில் மாணவர் பகுதியில் மகப்பெற்ற 4,010 பேரில் 459 தாய்மார் இறந்தனர். மருத்துவச்சியர் பகுதியில் 3,754 பேரில் 105 பேர். முதற்பகுதியிற் சேர்க்க வேண்டா என்று பெண்டிர் மண்டியிட்டுக் கெஞ்சினர் என்பதை அங்குப் பணியாற்றிய செம்மல்வைசு என்னும் மருத்துவரே எழுதிவைத்துள்ளார். நகரத்துப் பெண்டிர்க்குத் தெரிந்திருந்தது, பேராசிரியர்க்குத் தெரியவில்லை. பிணத்தை அறுத்துப் படித்த கையோடு வந்து மாணவர் தாயரைத் தொட்டதே கரணியம் என்று செம்மல்வைசு கண்டு, 1847 மே திங்களில் குளோரின் நீராற் கைகழுவச் செய்தார். 1848இல் முதற்பகுதியின் இறப்பு நூற்றுக்கு 1.27 ஆயிற்று. பயில்வோரின் கை கொல்லவும் கூடும் என்பதை இத்துறை அவ்வாறுதான் அறிந்துகொண்டது. இன்றும் முதலாண்டின் முதல்நாட் பாடம் கைகழுவுதலே. அதற்கு முன்பே கெஞ்சிய பெண்டிரின் சொல் பாடமாகவில்லை.

அதே 1847ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். சாமுவேல் பிசுக்கு கிறீன் என்பது அவர் பெயர். அவர் சமயத் தொண்டர். அந்நோக்கம் நமக்கு உடன்பாடா அன்றா என்பது வேறு. மானிப்பாயில் மருத்துவமனை அமைத்து மாணவரைப் பயிற்றினார், முதலில் ஆங்கிலத்தில். ஆங்கிலத்திற் கற்றவர் ஊதியம் நாடி ஊரைவிட்டுப் போய்விடுவர். தமிழிற் கற்றவர் தம் மக்களிடையே தங்குவர் என்று கண்டு, 1864இல் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். 1873இல் தாயகம் திரும்புவதற்குள் முப்பதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் தமிழில் மருத்துவம் பயின்று முடித்தனர். அவர் தமிழிற் கொணர்ந்த நூல்களுள் மிக முற்பட்டவற்றுள் ஒன்று மோன்செல் என்பாரின் மகப்பேற்று நூல். 1857இல் அது 'பிரசவ வைத்தியம்' என்னும் பெயரில் வெளிவந்தது. பெயரிலுள்ள இரண்டு சொல்லுமே வடசொல் என்று முணுமுணுப்பது கேட்கிறது. பெயரை விடுங்கள், காலத்தைப் பாருங்கள். தமிழில் மகப்பேறு கற்பிக்க இயலுமா என்று இன்றும் வினவுகிறோம். 1857இலேயே விடை அச்சேறிவிட்டது.

எண்பது ஆண்டு கழித்து, 1938இல், சென்னை எழும்பூர் மருத்துவமனையில் பணியாற்றிய பேராசிரியர் ஆ. இலக்குமணசாமி முதலியார் தம் மகப்பேற்று மருத்துவ நூலை வெளியிட்டார். மேனன் என்பாரும் பின்னர் அதில் இணைந்தார். அவ்விருவர் பெயராலேயே இன்றும் இந்தியாவெங்கும் முதலாண்டு மாணவர் கையில் அந்நூல் தவழ்கிறது. யான் கற்றதும் அதிலேதான். எழும்பூர்ப் பேற்றறைகளின் பட்டறிவெல்லாம் திரண்ட பெருநூல். அதனை அவர் ஆங்கிலத்தில் எழுதினார். இந்தியா முழுமைக்கும் எழுதினார் என்னும் கரணியத்தை யான் மறுக்கவில்லை. கடல்கடந்து வந்தவர் தமிழில் எழுதியதையும் நம்மவர் ஆங்கிலத்தில் எழுதியதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது உள்ளம் சற்றே வருந்துகிறது, அவ்வளவே. அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டுப் பாடநூற் கழகம் மருத்துவ நூல்கள் சிலவற்றைத் தமிழிற் பெயர்த்து வெளியிட்டிருக்கிறது. மகிழத் தக்க செய்தி. ஆனால் நூல் தமிழில் வந்துவிட்டால் காதும் தானே திறந்துவிடாது. என் காது திறந்தது நூலால் அன்று.

இப்போது அரசுக் கல்லூரிகளின் மேற்பட்டப் படிப்பு இடங்களிற் பாதி அனைத்திந்திய ஒதுக்கீட்டிற்குச் செல்கிறது. தமிழறியாத இளம் மருத்துவர் பலர் நம் பேற்றறைகளுக்கு வருகின்றனர். அவர்கள்மேற் பழி சுமத்த யான் வரவில்லை. வடபுலத்துப் பெண் ஒருத்தியை யான் அறிவேன். வந்த மூன்றாம் நாள் அவள் கற்ற முதற்றமிழ்ச் சொல் 'முக்கு' என்பது. கருப்பை வாய் முழுதும் திறவாத பெண்ணிடமும் போய், "முக்கும்மா, முக்கும்மா" என்று ஊக்குவாள். அக்காலத்தில் முக்கினால் கருப்பை வாய் வீங்கும். தாய் களைத்துப் போவாள். செவிலியர் தலையிலடித்துக்கொண்டு, 'முக்காதே, வாயைத் திறந்து மூச்சு விடு' என்னும் இரண்டாம் பாடத்தைக் கற்பித்தனர். அவள் சட்டைப் பையில் ஒரு சிறு ஏடு வைத்து, கேட்ட தமிழ்ச் சொல்லையெல்லாம் தன் எழுத்தில் குறித்துக்கொண்டாள். ஆறே திங்களில், எங்கள் நகரத்து ஆங்கிலப் பள்ளியிற் படித்துவந்த தமிழ்ப் பெண்களைவிட அவள் நன்றாகப் புரிந்துகொண்டாள். தமிழ்ப் பெண்கள் தமக்குத் தமிழ் தெரியும் என்று எண்ணியிருந்ததே அதற்குக் கரணியம்.

அவ்வேட்டிலிருந்தவை போன்ற சொற்கள் சில. 'முழுகாமல் இருக்கிறேன்' என்றால் கருவுற்றிருக்கிறேன் என்று பொருள். 'தலைக்கு ஊற்றி மூன்று திங்களாயிற்று' என்றால் கடைசி விலக்கு நாள் கிடைத்துவிட்டது. பேற்று நாளைக் கணித்துவிடலாம். இதனைக் குளிக்காத பெண் என்று விளங்கிக்கொண்டு மூக்கைச் சுளித்த தமிழ் மருத்துவரையும் கண்டிருக்கிறேன். 'வயிறு இறங்கிவிட்டது' என்றால் குழந்தையின் தலை இடுப்பெலும்புக்குள் அமர்ந்துவிட்டது. 'சூட்டுவலி' என்றால் பேற்றிற்கு முன் வந்து போகும் பொய்வலி. இச்சொல்லில் எச்சரிக்கை வேண்டும். வீட்டார் சூட்டுவலி என்று சொல்லிக் கைவைத்தியம் செய்துகொண்டிருக்கும்போது, உள்ளே நச்சுக்கொடி பிரிந்து குருதி கட்டிக்கொண்டிருக்கவும் கூடும். வயிறு கல்லாக இறுகியிருந்தால் அது சூட்டுவலியன்று. 'பிள்ளை நேத்திலருந்து அமைதியா இருக்கு' என்று ஒருத்தி சொன்னால், பயிலாத காதிற்கு அது நற்செய்தி போல் ஒலிக்கும். பயின்ற காது அவளை உடனே படுக்கவைத்துக் குழந்தையின் துடிப்பைத் தேடும்.

ஆகவே யான் வேண்டுவது பெரிதொன்றும் இல்லை. முதலாண்டின் முதற்றிங்களில், மூத்த செவிலியரைக் கொண்டே இச்சொற்களைக் கற்பிக்க வேண்டும். அவர்கள்தாம் இதில் பேராசிரியர். முறையீட்டைப் பதியும் இடத்தில் தாயின் தமிழ் அப்படியே நிற்க வேண்டும். இறுதித் தேர்வில், வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுப்பது ஏன் வேண்டும், எடுக்காவிடில் என்ன நேரும் என்பதைத் தாய்க்கும் அவள் வீட்டார்க்கும் விளங்கும் தமிழில் பயில்பவர் எடுத்துரைக்க, தேர்வாளர் அருகிருந்து கேட்டு மதிப்பெண் இட வேண்டும். கையொப்பம் வாங்கும் ஒப்புதற் படிவத்தைப் படித்துக் காட்டாமல் கட்டைவிரலை மையில் தோய்க்கும் வழக்கம் அதனால் ஓரளவு குறையலாம். ஆங்கிலத்தை விட்டுவிடுங்கள் என்று யான் சொல்லவில்லை. 2023ஆம் ஆண்டின் ஆய்வை யான் ஆங்கிலத்திற் படித்தே உங்களுக்குச் சொன்னேன். பயில்பவர் இரண்டையும் கற்கட்டும். இரண்டு அறைக்கும் இடையில் ஒரு கதவு வைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

தாய் இறப்பைக் குறைப்பதில் தமிழ்நாடு முன்னிற்கிறது. 2018 முதல் 2020 வரையிலான கணக்கில், நூறாயிரம் உயிர்ப்பேறுகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறக்க, தமிழ்நாட்டில் 54 பேர் இறந்தனர். சிற்றூர்ச் செவிலியரும் அரசு மருத்துவரும் உழைத்து ஈட்டிய பெருமை இது. யான் அதில் குறை காண வரவில்லை. அந்த 54 பேருள் எத்தனை பேர் தம் நோயைத் தம் வாயாற் சொல்லியிருப்பர் என்னும் எண்ணம் மட்டும் என்னை விடுவதில்லை.

நிறைவாக உங்களிடம் ஓர் உதவி. பயில வருவோர்க்கு ஒரு சிறு கையேடு தொகுத்து வருகிறேன். யான் பணியாற்றிய பகுதிச் சொற்களே என்னிடம் மிகுதி. நெல்லையிலும் கொங்கிலும் தஞ்சையிலும் வடாற்காட்டிலும் சொற்கள் வேறாக இருக்கும். வீட்டிற்குச் சென்றதும் உங்கள் அன்னையரிடமும் பாட்டியரிடமும் கேளுங்கள். மகளிர் இதனை ஆடவரிடம் சொல்ல நாணக்கூடும். ஆதலின் தங்கையரைக் கொண்டு கேட்டெழுதுங்கள். குழந்தை பிறந்தும் நச்சுக்கொடி விழாமல் நிற்பதை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வர்? பனிக்குடம் உடையாமல் கசிவதை எப்படிச் சொல்வர்? பேற்றின்பின் வரும் காய்ச்சலுக்குப் பெயர் என்ன? சொல்லோடு ஊர்ப்பெயரையும் எழுதி மன்றச் செயலாளரிடம் கொடுத்தால் அவர் எனக்குச் சேர்ப்பார். எனக்கு இன்றிரவும் பணியுண்டு.